7000 ஓக் மரங்கள்: ஜோசப் பாய்ஸின் காஸல் சிருஷ்டியில் இயற்கையும் சமாதானமும்

1. ஆராயப்படும் வினா

இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப் படைவீரராகப் போரிட்ட ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ், அதே யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு இரையாகி எரிந்த காஸல் நகரத்தின் நடுவே, 1982-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் ஓர் ஓக் கன்றை நட்டு, அதன் பக்கத்தில் ஒரு பசால்ட் கல்லையும் நாட்டினார். அவர் மறைந்து ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், 1987 ஜூன் 12-இல், அவருடைய மகன் வென்ட்ஸெல் ஏழாயிரமாவது மரத்தை அம்முதல் மரத்தின் அருகிலேயே நட்டார். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில் நகரின் தெருக்களிலும் பள்ளி வளாகங்களிலும் திறந்த வெளிகளிலும் நிகழ்ந்த நடவு முழுவதும் சேர்ந்து ஒரே சிற்பமாகக் கொள்ளப்பட்டு, ‘7000 ஓக் மரங்கள்’ என்னும் பெயரால் கலைச் சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கிறது.

இச்சிருஷ்டியைக் குறித்து எழுதியோரைப் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் இதனைச் சுற்றுச்சூழல் கலையின் தலையாய உதாரணமாகப் போற்றி, சிற்பம் என்பது கல்லிலும் உலோகத்திலும் மட்டுமன்றி உயிருள்ள பொருளிலும் சமுதாயத்திலும் உருக்கொள்ளலாம் என்பதற்கு இதனையே பிரத்தியட்ச சாட்சியமாகக் காட்டுவர். மற்றொரு சாரார், பாய்ஸ் தம் யுத்த காலத்தைப் பற்றிக் கூறிவந்த வரலாற்றின் மீது எழுந்துள்ள ஐயங்களை முன்னிறுத்தி, குற்றத்தின் சுமையை நேரே ஏற்காமல் பசுமைக்குள் மறைந்துகொண்ட ஒரு தலைமுறையின் அடையாளமாக இதனைக் காண்பர். இரண்டு பார்வைகளும் கலைஞரின் ஆளுமையையே மையமாகக் கொண்டிருப்பதால், மரங்கள் நடப்பட்ட முறையும் அம்முறை நகர மக்களிடம் கோரிய உழைப்பும் உரிய கவனத்தைப் பெறவில்லை.

ஒரு நகரத்தின் சாலையோரங்களில் மரம் நடுதல் எந்தப் பொருளில் சமாதானத்தின் வினை ஆகும் என்பதும், கலைஞருடைய யுத்த சரித்திரம் ஐயத்துக்கு இடமாக இருக்கும் நிலையில் அவருடைய சிருஷ்டியின் சமாதான நோக்கத்தை நாம் எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதுமே இக்கட்டுரை ஆராயும் வினா.

2. நகரமும் அதன் காயங்களும்

இச்சிருஷ்டி காஸலில் நிகழ்ந்தமை தற்செயலன்று. ஹென்ஷெல் தொழிற்சாலையின் நகரமாகிய காஸல், ரயில் எஞ்சின்களோடு போர் டாங்கிகளையும் உற்பத்தி செய்த கேந்திரம். ஆதலால் நேச நாடுகளின் விமானங்களுக்கு அது முக்கிய இலக்காயிற்று. 1943 அக்டோபர் 22-ஆம் நாள் இரவில் நிகழ்ந்த குண்டுவீச்சில் சுமார் 10,000 பேர் மாண்டனர். இடைக்காலத்திலிருந்து நிலைத்துவந்த மரச்சட்ட வீடுகள் நிறைந்த பழைய நகரம் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. ஆயுதம் செய்த கைகளும் ஆயுதத்தால் மடிந்த உயிர்களும் ஒரே நகரத்துக்குரியவை என்பதால், காஸலைப் பற்றிப் பேசுவோர் அதனைக் குற்றமற்ற பலியாகவோ தண்டனைக்குரிய குற்றவாளியாகவோ மட்டும் கருதிவிட இயலாது.

யுத்தத்துக்குப் பின் நிகழ்ந்த புனர்நிர்மாணம், அக்காலத்து ஜெர்மானிய நகரங்கள் பலவற்றில் போலவே, மோட்டார் வாகனத்தை முதன்மையாகக் கருதிற்று. அகன்ற சாலைகளும் வாகன நிறுத்தங்களும் சிமெண்டுக் கட்டடங்களுமாக நகரம் எழுந்தது. வேகமாகவும் திட்டமிட்டும் நிகழ்ந்த அவ்வெழுச்சியில் இறந்தோரை நினைக்கவும் மண்ணைத் தொடவும் இடம் குறைந்துபோயிற்று. 1955-இல் ஆர்னோல்ட் போடெ என்னும் ஓவியர், அதே ஆண்டில் அந்நகரில் நடந்த தேசியத் தோட்டக் கண்காட்சியை ஒட்டி, ‘டாகுமெண்டா’ என்னும் நவீனக் கலைக் கண்காட்சியைத் தொடங்கினார். நாஜி ஆட்சி இழிவென்று ஒதுக்கிய நவீனக் கலையை, யுத்தத்தில் எரிந்து கூடாக நின்ற ஃப்ரீடரிசியானும் அருங்காட்சியகத்துக்குள் மீண்டும் கொணர்ந்த அந்நிகழ்ச்சி, தொடக்கம் முதலே பூந்தோட்டத்தோடும் இடிபாட்டோடும் பிணைந்திருந்தது. பாய்ஸ் 1982-ஆம் ஆண்டின் ஏழாவது டாகுமெண்டாவுக்கு அளித்த சிருஷ்டியின் பின்னணி இதுவே.

3. கலைஞரின் பாதை

ஜோசப் பாய்ஸ் 1921 மே 12-இல் க்ரேஃபெல்டில் பிறந்து, நெதர்லாந்து எல்லையை அடுத்த க்ளேவ என்னும் ஊரில் வளர்ந்தவர். 1941-இல் தாமாகவே விமானப் படையில் சேர்ந்து, ஸ்டூக்கா விமானங்களில் வானொலி இயக்குநராகவும் பின்புறத் துப்பாக்கி வீரராகவும் பணிபுரிந்தார். 1944 மார்ச் 16-இல் அவருடைய விமானம் கிரிமியாவில் வீழ்ந்தது. யுத்தத்துக்குப் பின் டுஸ்ஸல்டார்ஃப் கலைக்கழகத்தில் எவால்ட் மட்டாரே என்னும் சிற்பியிடம் பயின்று, 1961-இல் அங்கேயே பேராசிரியரானார். அனுமதி மறுக்கப்பட்ட மாணவர்களுக்கு ஆதரவாக நின்றதன் விளைவாக 1972-இல் அப்பதவியை இழந்தார்.

அவருடைய இயற்கைச் சிந்தனை அரசியலோடு சேர்ந்தே வளர்ந்தது. 1971 டிசம்பரில், டுஸ்ஸல்டார்ஃபின் கிராஃபென்பெர்க் காட்டில் ஒரு டென்னிஸ் சங்கத்தின் விரிவாக்கத்துக்காக மரங்கள் வெட்டப்பட இருந்தபோது, அவர் தம் மாணவர்களுடன் துடைப்பம் ஏந்திக் காட்டுத் தரையைக் கூட்டினார். எதிர்ப்பு முழக்கமாக இல்லாமல் பராமரிப்புச் செயலாக அமைந்த அந்நிகழ்ச்சியில், பத்தாண்டு கழித்துக் காஸலில் விரிந்த சிந்தனையின் வித்தைக் காண்கிறோம். ருடால்ஃப் ஸ்டைனரின் தத்துவத்தில் ஊறிய அவர், மனிதர் ஒவ்வொருவரும் படைக்கும் ஆற்றல் உடையவர் என்றும், சமுதாயமே அவ்வாற்றலால் செதுக்கப்பட வேண்டிய சிற்பம் என்றும் போதித்தார். இச்சித்தாந்தத்தைச் ‘சமுதாயச் சிற்பம்’ என்னும் பெயரால் பரப்பினார். பசுமைக் கட்சி உருவாகத் துணைநின்று 1979-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராகவும் நின்ற அவரை, 1983 தேர்தலில் அக்கட்சி வெற்றி வாய்ப்புள்ள இடத்தில் நிறுத்தவில்லை. கட்சி அரசியலின் வாயிலாக அவருக்குக் கைகூடாதது, மரங்களின் வாயிலாகவே கைகூடிற்று எனலாம்.

4. சிருஷ்டியின் அமைப்பு

கண்காட்சி தொடங்குமுன், ஃப்ரீடரிசியானும் அருங்காட்சியகத்தின் முன்னுள்ள ஃப்ரீட்ரிஷ் சதுக்கத்தில் 7000 பசால்ட் கற்கள் ஒரு பெருங்குவியலாகக் கொட்டப்பட்டன. ஒரு மரம் நடப்படும்போது அதனுடன் நாட்டுவதற்காக ஒரு கல் குவியலிலிருந்து எடுத்துச் செல்லப்படும் என்பதே விதி. எனவே சதுக்கத்தின் நடுவே கிடந்த அக்கருங்குவியல், அழகிய நகர மையத்தை மறைத்து உறுத்திக்கொண்டிருந்ததோடு, நகரம் நட வேண்டிய மரங்கள் இன்னும் எத்தனை என்பதை எல்லாரும் நாள்தோறும் காணும்படி அறிவித்துக்கொண்டும் இருந்தது. கற்களை அகற்ற விரும்புவோர் மரம் நட்டே ஆகவேண்டும். அவற்றைக் கண்டு முகம் சுளித்தவர்களின் எரிச்சலும் நடவுக்கே துணையாயிற்று.

ஒவ்வொரு மரத்துக்கும் கல்லுக்கும் 500 மார்க் நன்கொடை வேண்டப்பட்டது. அமெரிக்காவின் டியா கலை அறக்கட்டளை தொடக்கச் செலவுக்கு உதவியது. பாய்ஸ் தம் பங்கைத் திரட்டுவதற்காக ஜப்பானிய விஸ்கி விளம்பரம் ஒன்றில் தோன்றவும் தயங்கவில்லை. காஸல் மேயராக இருந்த ஹான்ஸ் ஐஷெல் ஆதரவு அளித்தார். பாய்ஸ் நிறுவிய சுதந்திர சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் தொண்டர்கள் நகரத் தோட்டத் துறையுடனும் குடியிருப்போருடனும் பள்ளிகளுடனும் பேசி இடங்களைத் தேர்ந்தனர். வாகன நிறுத்தும் இடம் குறையுமென்ற முறையீடு, பூமிக்கடியிலுள்ள குழாய்கள் பற்றிய கவலை, வீட்டு முன்பு நிழல் விழுவதைப் பற்றிய வழக்கு ஆகிய இவையெல்லாம் இங்கே கலைக்குப் புறம்பான இடையூறுகளாக இல்லாமல் சிற்பத்தின் மூலப்பொருளாகவே ஆயின.

மரமும் கல்லும் இணைந்து நிற்கும் அமைப்பின் கருத்து ஆழமானது. தொடக்கத்தில் கல் இளங்கன்றினும் திண்மையும் கம்பீரமும் உடையதாகத் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் தடித்து உயர, கல்லோ அதே அளவில் நிற்கும். மரம் முதிர்ந்த காலத்தில் கல் அதன் அடியில் ஒரு சிறு துணையாகிவிடும். எரிமலையின் நெருப்பில் உருகிக் குளிர்ந்து உறைந்த பசால்ட்டும் நூற்றாண்டுகள் வாழக்கூடிய ஓக்கும் வெவ்வேறு கால அளவைகள். அவற்றை அருகருகே நிறுத்தியதால், இச்சிற்பத்தின் உருவ விகிதம் கலைஞரின் கையைக் கடந்து காலத்தின் வசமாயிற்று. அதன் முழு வடிவத்தை அவர் காண்பது சாத்தியமன்று என்பதை அவர் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருந்தார். 1986 ஜனவரி 23-இல் அவர் மறைந்தபோது நடவு முடிவடையவில்லை; மனைவியும் மகனும் தொண்டர்களும் நகர மக்களுமே அதனை நிறைவேற்றினர்.

5. சமாதானத்தின் சான்றுகள்

மரம் நடுதலைச் சமாதானத்தோடு பொருத்துவது வெறும் வியாக்கியானமாகிவிடாதிருக்க, அக்காலத்துச் சூழலிலிருந்து சான்றுகள் காட்ட வேண்டும். 1979 டிசம்பரில் வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடுகள் மேற்கு ஐரோப்பாவில் புதிய அணு ஏவுகணைகளை நிறுத்தத் தீர்மானித்ததைத் தொடர்ந்து, மேற்கு ஜெர்மனியில் சமாதான இயக்கம் பெருவெள்ளமாக எழுந்தது. 1981 அக்டோபரில் பான் நகரில் சுமார் 3 லட்சம் பேர் திரண்டனர். கிழக்கு ஜெர்மனியின் எல்லைக்கு அண்மையில் இருந்த காஸல் மக்களுக்கு, மற்றொரு யுத்தம் மூளுமாயின் தங்கள் நகரமே போர்க்களமாகும் என்ற அச்சம் எட்டாத கற்பனையாக இருக்கவில்லை. பாய்ஸ் 1982-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் ஆயுதக் கொள்கையை எதிர்க்கும் ஒரு பாடலைத் தாமே பாடி இசைத்தட்டாகவும் வெளியிட்டார். அதே காலத்தில் அமில மழையால் காடுகள் மடிகின்றன என்னும் செய்தி தேசம் முழுவதையும் கலங்கச் செய்தது. ஆயுதப் பெருக்கமும் காட்டழிவும் மனிதனின் ஒரே அகந்தையிலிருந்து பிறந்த இரு கேடுகள் என்று எண்ணுவதற்கு அன்றைய மனநிலையில் போதிய காரணம் இருந்தது.

இவற்றினும் வலிய சான்று, 1982 ஜூன் 30-இல் அருங்காட்சியகத்தின் முன் நிகழ்ந்த செயல். கொடுங்கோலனென்று பெயர்பெற்ற ரஷ்ய மன்னன் இவானின் மகுடத்தைப் போலப் பொன்னில் செய்யப்பட்ட ஒரு பிரதியை, அதனை வைத்திருந்த உணவக உரிமையாளர் பாய்ஸுக்கு வழங்க, அவர் அதனைப் பொதுமக்கள் முன்னிலையில் உருக்கி, ஒரு முயலாகவும் ஒரு சூரிய உருண்டையாகவும் வார்த்தார். ‘சமாதான முயல்’ என வழங்கும் அப்பொருள் 777,000 மார்க்குக்கு விற்கப்பட்டது. அத்தொகை மரங்களுக்கே பயன்பட்டது. ஆதிக்கத்தின் அணிகலன் உருகி, நிலத்தோடு ஒட்டி வாழும் எளிய பிராணியாகிப் பின் மரக்கன்றுகளாக மாறுகிறது. மகுடத்தின் பொன் நிலத்தின் பசுமையாகிய இம்மாற்றத்தில், அதிகாரமும் செல்வமும் எதற்குத் தொண்டு புரியவேண்டும் என்னும் நியாயம் பிரத்தியட்சமாக உரைக்கப்படுகிறது.

6. மூன்று ஐயங்கள்

எனினும் எதிர்க்கருத்துகளை நியாயமாக எடைபோட வேண்டும். முதலாவது, பாய்ஸின் யுத்தக் கதை. கிரிமியாவில் விமானம் வீழ்ந்தபோது தாத்தார் நாடோடிகள் தம்மைக் கொழுப்பாலும் கம்பளியாலும் போர்த்தி உயிர்பிழைக்கச் செய்தனர் என்று அவர் கூறிவந்தார். 1979-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் நடத்திய பெருங்கண்காட்சியின் வாயிலாக அக்கதை உலகெங்கும் பரவியது. ஆனால் 1980-இல் பெஞ்சமின் புக்ளோ என்னும் விமர்சகர் அதன் நம்பகத்தன்மையைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினார். பின்னர் ஆராய்ந்தோர் காட்டிய படை ஆவணங்களின்படி, அவரை மீட்டவர்கள் ஜெர்மானிய வீரர்களே. இவ்விடத்தில் நாம் தயக்கமின்றி முடிவுக்கு வரலாம்: அக்கதை சரித்திரமாகாது, தாக்க வந்தவனை இரக்கத்துக்குரியவனாகவும் தாக்கப்பட்ட நாட்டின் மக்களைக் காப்பாற்றுவோராகவும் மாற்றிக்காட்டும் அதன் போக்கு நியாயமானதுமன்று. முதல் மரம் நடப்பட்ட நாளும் விமானம் வீழ்ந்த நாளும் மார்ச் 16-ஆகவே இருப்பதைக் கண்டு, காஸல் சிருஷ்டியைத் தனிமனிதப் பிராயச்சித்தமாக வாசிப்போர் உண்டு. நாளின் ஒற்றுமையை அடித்தளமாக்கி அவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்புதல் தகாது என்பதே எம் அபிப்பிராயம்.

இரண்டாவது ஐயம் ஓக் மரத்தையே பற்றியது. ஜெர்மானிய தேசியவாதம் ஓக்கைத் தன் சின்னமாக்கிற்று. நாஜி ஆட்சியின் உயர்ந்த வீர விருதுகளில் ஓக் இலைகள் பொறிக்கப்பட்டன. 1936 ஒலிம்பிக் போட்டியில் வென்றோர்க்கு ஓக் கன்றுகள் வழங்கப்பட்டன. ஹிட்லரின் பெயரால் ஊர்தோறும் ஓக் நடப்பட்டது. இத்தகைய மரத்தை மீண்டும் ஆயிரக்கணக்கில் நடுவதில் பழைய தேசபக்தியின் நிழல் படியாதா என்று கேட்பது முற்றிலும் முறையானது. அதற்கு விடை சிருஷ்டியின் நடைமுறையிலேயே இருக்கிறது. ஓக்கே மிகுதியாயினும், மண்ணுக்கும் இடத்துக்கும் ஏற்ப ஆஷ், லிண்டன், மேப்பிள், பிளேன் முதலிய பல இனங்களும் நடப்பட்டன. தலைவர் பெயர் எதுவும் பொறிக்கப்படாத கல் ஒவ்வொன்றும் நன்கொடையாளரின் விருப்பத்தாலும் தெருவாசிகளின் இசைவாலும் இடம்பெற்றது. ஆணையால் நடப்பட்ட மரத்துக்கும் உடன்பாட்டால் நடப்பட்ட மரத்துக்கும் இடையே தாவர சாஸ்திரம் வேற்றுமை காணாது. குடிமை வாழ்வு அவ்வேற்றுமையையே பெரிதாகக் காணும். ஆகவே சின்னத்தின் களங்கத்தை இச்சிருஷ்டி மறைக்கவில்லை. நடும் முறையை மாற்றியமைத்ததன் வாயிலாக அதற்கு எதிரான ஒரு வழக்கத்தை நிலைநாட்டிற்று என்று கொள்ளலாம்.

மூன்றாவது, 7000 மரங்கள் உலகின் சுற்றுச்சூழற் சீர்கேட்டுக்கு எம்மாத்திரம் என்னும் வினா. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் இது மிகச் சிறியதே. ஒரு நகரத்தின் சாலை மரங்கள் ஒரு காட்டுக்கு ஈடாகா. ஆயினும் கோடைவெயிலில் கல்தளமும் சிமெண்டும் தகிக்கும் தெருவில் ஒரு முதிர்ந்த மரம் தரும் நிழலும் ஈரமும், பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் அது அளிக்கும் புகலிடமும், அத்தெருவில் வாழ்வோரைப் பொறுத்தவரை அற்பமானவை அல்ல. தொலைவிலுள்ள காட்டுக்காகத் துயருறும் நகரவாசி தன் வாசலிலேயே இயற்கைக்கு இடம்விட வேண்டும் என்று கோரியமையே இச்சிருஷ்டியின் தனித்தன்மை.

7. நகரமே கர்த்தா

மேற்கூறிய ஐயங்களைக் கடந்து நிற்கும் உண்மை எதுவென்று காண, காஸலுக்கு அருகில் ஹாம்பர்கை வைத்து நோக்குதல் பயன்தரும். அந்நகரத் துறைமுகத்தின் அடியிலிருந்து தூர்வாரிக் கொட்டப்பட்ட நச்சுச் சேறு நிறைந்த ஆல்ட்டென்வெர்டர் நிலத்தில் மரஞ்செடிகளை நட்டு அதனைப் படிப்படியாக மீட்கும் திட்டம் ஒன்றைப் பாய்ஸ் வகுத்தார். 1984-இல் அந்நகர ஆட்சி அதனை நிராகரித்தது. கலைஞர் அவரே, சித்தாந்தமும் அதுவே, புகழும் குறையவில்லை. ஆயினும் நகரம் உடன்படாத இடத்தில் சிருஷ்டி பிறக்கவே இல்லை. காஸலில் அது பிறந்து வளர்ந்ததற்கு மூலகாரணம் ஒருவரின் மேதை மட்டுமன்று என்பதை இந்த ஒப்பீடு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

நடவு முடிந்த பின்னும் இதே உண்மை தொடர்கிறது. சாலை மரங்கள் வாகனம் மோதியும், வேர்களுக்கு இடமின்றியும், வறட்சியாலும் நோயாலும் மடிவது இயல்பு. மடிந்த மரத்துக்குப் பதிலாக வேறொன்றை அதே கல்லின் அருகில் நட வேண்டும். சாலை அகலப்படுத்தும்போதும் குழாய் புதைக்கும்போதும் யாரேனும் ஒருவர் அம்மரத்துக்காக வாதாட வேண்டும். இப்பணிக்காகவே 2002-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. நகரத் தோட்டத் துறையின் உழைப்பும் இடையறாது நிகழ்ந்துவருகிறது. வெண்கலச் சிலை ஒன்று நிறுவிய நாளிலிருந்து தன்னைத்தானே காத்துக்கொள்ளும்; இம்மரங்களோ ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் ஏற்றாலன்றி நிலைபெறா. நியூயார்க்கின் மேற்கு 22-ஆம் தெருவில் டியா அறக்கட்டளை 1988-இலும் 1996-இலும் இதே முறையில் மரங்களையும் கற்களையும் நாட்டியபோது, அக்கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. பாய்ஸின் சொந்த யுத்தக் கதையை இச்சிருஷ்டியின் அர்த்தத்துக்கு ஆதாரமாகக் கொள்ளுதல் இயலாது. கலைஞர் தம் கடந்த காலத்தைப் பற்றி உரைத்தது பொய்த்துப்போன பின்னும், குண்டுவீச்சில் எரிந்த நகரத்தின் தெருக்களில் அவர் தொடங்கிவைத்த உழைப்பு பொய்க்கவில்லை. ஏனெனில், அவருடைய நேர்மையைச் சாராமல், பிறருடைய உடன்பாட்டையும் பராமரிப்பையும் சார்ந்து நிற்குமாறு அது அமைக்கப்பட்டது. இயற்கை, சுற்றுச்சூழல், சமாதானம் என்னும் மூன்றும் இங்கே தனித்தனிக் கருப்பொருள்களாக இல்லை. அயலாரோடு பேசி இணங்குதல், தனக்குப் பயன் தராத எதிர்காலத்துக்காக இன்று செலவிடுதல், உயிருள்ள ஒன்றை ஆண்டுதோறும் பேணுதல் ஆகிய பழக்கங்களே மூன்றுக்கும் பொது வேர். அப்பழக்கங்கள் அற்ற சமுதாயம் காட்டையும் காக்காது, யுத்தத்தையும் தவிர்க்காது.

சமாதானத்தைப் போற்றும் நினைவுச்சின்னங்கள் உலகில் ஏராளம். அவற்றுள் பல, திறப்பு விழா முடிந்ததும் யாரிடமும் எதையும் கோருவதில்லை. ஒரு பொதுச் சிருஷ்டியை மதிப்பிடுங்கால், அது எதனை உணர்த்துகிறது என்பதோடு நில்லாமல், அது யாரிடம் எவ்வளவு காலத்துக்கு என்ன கடமையை ஒப்படைக்கிறது என்றும் விமர்சகர் கேட்க வேண்டும். அவ்வளவுகோலால் நோக்கினால், கலைஞரின் குறைகளை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்ட பின்னரும், காஸல் மக்கள் நட்டு வளர்த்த அந்த 7000 மரங்கள் 20-ஆம் நூற்றாண்டுக் கலை சமாதானத்துக்கு ஆற்றிய தொண்டுகளில் முன்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவை என்று உறுதியாகக் கூறுகிறோம்.